ஆட்டுக்குட்டிக்கு அமினோ அமில டானிக் வேண்டாம்

கோழிப்பண்ணையில் போடும் லைசின் என்ற அமினோ அமிலப் பொடி, ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் புரோட்டீன் மாவு, ‘அமினோ டானிக்’. மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, குட்டி எடையே ஏறவில்லை என்று கொண்டுவருகிறார்கள். கீழ் இமையைப் புரட்டினால் ரத்தசோகையில் வெள்ளைவெளேர் என்றிருக்கிறது. புழுக்கையைச் சோதித்தால் புழு முட்டை. குடற்புழு நீக்கமே செய்யவில்லை!

கோழிக்குப் பலித்தது ஆட்டுக்கும் பலிக்கும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். கோழி தின்னும் மெத்தியோனின், அதுவும் ஓர் அமினோ அமிலம்தான், அப்படியே குடலுக்குப் போய் ரத்தத்தில் சேரும். ஆடு தின்பது முதலில் நான்கு அறை வயிற்றின் பெரிய அறையான பெருவயிற்றுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அந்தப் பொடியில் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக்கிவிடும். பிறகு அந்த அம்மோனியாவிலிருந்தே தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளும். அந்த நுண்ணுயிரிகள் நான்காம் வயிற்றுக்கு வந்து செரிக்கும்போதுதான் குட்டிக்குப் புரதம் கிடைக்கிறது. அவை பெருக மாவுச்சத்து வேண்டும். சோளமோ மக்காச்சோளமோ இல்லாமல் புரதத்தை மட்டும் கொட்டினால் மிச்ச அம்மோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். உங்கள் காசும் அதோடு போகும். 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களை நேராக நான்காம் வயிற்றுக்குள் செலுத்தித்தான் செம்மறி ஆட்டின் கம்பளி வளர்ச்சியைக் கூட்டினார்கள். பெருவயிற்றில் கரையாதபடி பூச்சு போட்ட வகை கடையில் உண்டு. அது அதிகம் கறக்கும் மாட்டுக்கானது. கம்பளியே இல்லாத நம்மூர் மேச்சேரிச் செம்மறிக் குட்டிக்கு அந்தச் செலவு எதற்கு?

100 கிலோ கலப்புத் தீவனத்துக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1 கிலோ. புரதம் ஏறத்தாழ 18 சதவீதம் வரும். 15 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. கூடவே வேலிமசால் தழையோ அகத்தித் தழையோ. கலப்புத் தீவனத்தை 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். ஒரே நாளில் அள்ளி வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறும், துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோயும் வரும். அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?

பூஞ்சை பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடாதீர்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது. தாது உப்பு ஆட்டுக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். மாட்டுக் கலவையிலும் கோழித் தீவனத்திலும் உள்ள தாமிரம் ஆட்டின், குறிப்பாகச் செம்மறியின், ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் திடீரென மஞ்சள் காமாலையும் கருஞ்சிவப்புச் சிறுநீருமாக வெளிப்படும். அந்த நிலையில் காப்பாற்றுவது கடினம்.

புரதத்துக்காகத் தீவனத்தில் சிலர் கலக்கும் யூரியா ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டவே வேண்டாம். பெரிய ஆட்டுக்கும் கலப்புத் தீவனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. கட்டியில்லாமல் பொடித்து, சீராகக் கலந்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒருபோதும் கரைக்காதீர்கள். யூரியா மிஞ்சினால் அரை மணிக்குள் வயிறு உப்பும், உடல் நடுங்கும், வாயில் நுரை தள்ளும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வளர்ந்த ஆடு விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் அரை லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரோடு சிறிது சிறிதாகப் புகட்டலாம்.

இன்னொன்று, தயவுசெய்து: தலையை அண்ணாந்து பிடித்துச் சிரிஞ்சால் டானிக்கைப் பீய்ச்சாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போனால், நன்றாயிருந்த குட்டிக்கு நிமோனியாதான் மிஞ்சும்.