மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால் டிஸ்க்கைத் துடைப்பீர்களா?

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்த வாரமும் ஒரு காலேஜ் தம்பி லேப்டாப்போடு வந்தான். விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருந்த உபுண்டு லினக்ஸ் அப்டேட் ஆனதும், மெஷினை ஆன் செய்தால் எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் விண்டோஸைக் காணோமாம். பக்கத்து வீட்டு அண்ணன் "விண்டோஸ் அழிஞ்சுபோச்சு" என்று சொல்லி மொத்தமாக ஃபார்மேட் அடித்துக் கொடுத்துவிட்டார். ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மெனு வேறு, விண்டோஸ் வேறு. மெனுவில் நீங்கள் பார்ப்பது கிரப்.சிஎஃப்ஜி என்ற டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் வரிகளைத்தான். விண்டோஸுக்கு அங்கே வரி இல்லையென்றால் மெனுவில் வராது, ஆனால் விண்டோஸ் டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கிய பார்ட்டிஷனில் பத்திரமாகவே இருக்கும். வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போனால் ஆளே செத்துட்டார் என்று காரியம் செய்துவிடுவோமா? சந்தேகமென்றால் மெஷினை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 தட்டிப் பாருங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). புது மெஷின்களில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தனியாக வரும், அதிலேயே உள்ளே போய்விடலாம்.

2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரைப் பாதுகாப்புக்காக கிரப்பை உருவாக்குபவர்களே அணைத்து வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப ஆன் செய்ய, ஈடிசி ஃபோல்டரில் உள்ள டீஃபால்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் ஃபைலில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்' என்று ஒரு வரி, அப்புறம் கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் 'சுடோ அப்டேட்-கிரப்'. பெரும்பாலும் அதோடு சரி. ஈக்வல் குறிக்கு இருபக்கமும் இடைவெளி விடாதீர்கள், பாதிப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

வீடியோ பார்த்துவிட்டு கிரப்.சிஎஃப்ஜியையே நேராகத் திறந்து திருத்துபவர்களுக்கு: ஃபைலின் ஆரம்பத்திலேயே பெரிய எழுத்தில் 'எடிட் செய்யாதே' என்று போட்டிருக்கிறது, படியுங்கள் ஐயா! உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னலின் அடுத்த அப்டேட்டில் அந்த ஃபைல் புதிதாக எழுதப்படும், உங்கள் திருத்தம் போய்விடும், நீங்கள் வைரஸ் என்று என்னிடம் வருவீர்கள். சொந்தமாக ஒரு வரி சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஈடிசிக்குள் இருக்கும் கிரப்.டி ஃபோல்டரில் 40_கஸ்டம் இருக்கிறது, அதில் எழுதிவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். பட்டன் தட்டினால் மெனுவை மாற்றித் தரும் கிரப் கஸ்டமைசர் வசதிதான், ஆனால் அது அந்த ஃபோல்டரின் ஸ்கிரிப்டுகளை இடம் மாற்றிப் போட்டுவிடும். பிரச்சினை வந்தால் அவிழ்க்க எனக்கே எரிச்சல் வரும்.

பூட் செட்டிங்கில் எதையும் தொடுமுன், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள், தயவுசெய்து. ஏற்கனவே ஃபார்மேட் ஆகிவிட்டதா? உடனே மெஷினை ஆஃப் செய்துவிட்டுக் கொண்டு வாருங்கள். எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்யும் டிரிம் ஓடிவிட்டால் மீட்பு சாஃப்ட்வேர் எதையும் நம்ப முடியாது.