உள்ளங்கையைத் திருப்பும்போது எலும்பு என்ன செய்கிறது?

2 வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், அது வீறிட்டு அழுதுவிட்டு அந்தக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டது, டாக்டர் ஒரே ஒரு திருப்புத் திருப்பினார், சரியாகிவிட்டது, அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். பதில் முன்கை எலும்புகளில் இருக்கிறது.

பள்ளியில் படித்ததுதான்: முன்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. மடக்கி நீட்டுவதற்கு அல்னாவும் மேற்கை எலும்பும் சேரும் கீல் மூட்டு போதும். திருப்புவதுதான் விசேஷம்.

முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். இப்போது கவிழுங்கள். மணிக்கட்டு திரும்பியது போலத்தான் தோன்றும், ஆனால் மணிக்கட்டு மூட்டுக்கு அந்த வேலை கிடையாது. திரும்பியது ரேடியஸ். உள்ளங்கை மேலே இருந்தபோது இணையாகக் கிடந்த இரண்டு எலும்புகளில், அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்க, ரேடியஸின் கீழ்முனை மட்டும் மொத்தக் கையையும் இழுத்துக்கொண்டு அல்னாவுக்குக் குறுக்கே தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. இடமும் வலமுமாகக் கிட்டத்தட்ட அரை வட்டம்! கீழ்முனை இவ்வளவு தூரம் சுற்றும்போது மேல்முனை நகர்வதே இல்லை, நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அங்கே ரேடியஸின் தலை வட்டத் தட்டு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அல்னாவில் உள்ள சிறு பள்ளம், மீதிச் சுற்றை ஒரு நார் வளையம் அணைத்துப் பிடித்திருக்கிறது. மற்றக் கையின் கட்டைவிரலை முழங்கையின் வெளிப்பக்க முட்டுக்குச் சற்றுக் கீழே அழுத்திக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள், அந்தத் தலை விரலடியில் உருள்வது தெரியும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காது.

இன்னொன்று, ரேடியஸ் நேரான எலும்பு இல்லை, லேசாக வில் போல் வளைந்தது. அந்த வளைவுதான் அல்னாவில் இடிக்காமல் அதைத் தாண்ட விடுகிறது. அதனால் முன்கை முறிந்தால் எலும்பு கூடினால் மட்டும் போதாது, வளைவு மாறாமல் கூட வேண்டும். இல்லாவிட்டால் கை மடங்கும், நீளும், ஆனால் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்த முடியாது. எக்ஸ்ரே பார்க்காமல் மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். இறுக்கம் அதிகமானால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசையே செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ விரல் மரத்தாலோ உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, குழந்தைக்கு வருவோம். ஏறக்குறைய 5 வயது வரை அந்த நார் வளையம் எலும்போடு உறுதியாக ஒட்டியிருக்காது. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் ரேடியஸ் தலை கொஞ்சம் கீழே இறங்க, வளையம் அதன் மேல் வழுக்கி மூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். டாக்டர் முன்கையைத் திருப்பும்போது அது பழைய இடத்துக்கே நழுவிப் போகிறது, சில சமயம் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். உரம் விழுந்துவிட்டது என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டால் வலிதான் மிஞ்சும்.

குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள். வளையம் இடத்துக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அதே கையால் பொம்மையை எட்டிப் பிடிக்கும். பிடிக்காவிட்டாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ எலும்பு முறிவாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.