எட்டு மாதம் கிடந்த பெட்டி

2001-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஜார்ஜ் அகெர்லாஃப், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இருவரும் உண்டு. பரிசுக்கெல்லாம் வெகுகாலம் முன்பு அகெர்லாஃப் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தார். பார்க்க வந்த ஸ்டிக்லிட்ஸ் தன் துணிமணிப் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பிவிட்டார். பெட்டியை அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும் என்று அகெர்லாஃப் கணக்குப் போட்டார். தினமும் காலையில் எழுந்ததும் 'சரி, நாளைக்கு அனுப்பிவிடலாம்' என்று முடிவெடுத்தார். இப்படியே எட்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

1991-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கதையை அவரே சொல்லி, காரணத்தையும் அலசினார். இன்றைய சிரமம் கண்ணெதிரே பெரிதாக நிற்கிறது. ஒரு நாள் தள்ளுவதால் வரும் நஷ்டமோ துளியூண்டு. அதனால் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு அன்றைக்கு நியாயமாகவே படும். கூட்டிப் பார்க்கும்போதுதான் எட்டு மாதம் என்று வரும்.

கணக்கு சரிதான். ஆனால் தள்ளிப்போடுகிறவர் அந்த நேரத்தில் கணக்கா போடுகிறார்? பதில் எழுதாத ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். மூன்று வரியில் முடிகிற பதில். முதல் நாள், ஏதோ ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக நிறுத்திவைக்கிறோம். நான்காம் நாள் 'தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று ஒரு வரி கூடுதலாக வேண்டியிருக்கிறது. பத்தாம் நாள் அந்த மன்னிப்புக்கு ஒரு காரணமும் வேண்டும். மூன்றாவது வாரத்தில் அனுப்பியவரின் பெயரைத் திரையில் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. சட்டென்று வேறு பக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். அப்பாடா!

விஷயமே அந்த 'அப்பாடா'வில்தான் இருக்கிறது. டிமத்தி பைச்சில், ஃபுஷியா சிரோய் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: தள்ளிப்போடுவதற்கும் நேரத்தைத் திட்டமிடத் தெரியாததற்கும் பெரிய தொடர்பில்லை; அந்த நிமிடத்து எரிச்சல், பயம், சலிப்பு ஆகியவற்றிலிருந்து தப்பிக்க மனம் கண்டுபிடித்த குறுக்குவழி அது. வேலையை விட்டு நகர்ந்ததும் வேதனை குறைகிறது. குறைந்த வேதனையை மூளை ஒரு பரிசாகவே எடுத்துக்கொள்கிறது. பரிசு கிடைத்த செயலை மறுபடியும் செய்யச் சொல்கிறது. சோம்பல் என்று நாம் திட்டுவது பல நேரங்களில் இப்படிப் பழகிப் பழகி ஊறிப்போன பழக்கம்தான். அட்டவணை மேல் அட்டவணையாகப் போட்டும் பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணமும் இதுவே என்பேன்.

மூளைப் படங்களிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகத்தில் 264 பேரை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயலைத் தொடங்கத் தடுமாறுகிறவர்களுக்கு, ஆபத்தை எடைபோடும் பகுதியான அமிக்டலா சற்றுப் பெரிதாக இருந்தது. செயலைத் தேர்ந்து நடத்தும் பகுதியோடு அதற்குள்ள இணைப்பும் பலவீனமாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூளையும் பழக்கத்தால் மாறுகிற உறுப்புதானே.

அப்படியானால் மாற்ற வேண்டியது அந்தத் தாவும் நொடியை. கை வேறு பக்கம் போகும்போது, 'இதில் எனக்கு எது பிடிக்கவில்லை?' என்று ஒரு கேள்வி. 'அவர் கோபப்படுவாரோ என்று பயம்' என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பூதம் போலத் தெரிந்தது ஒரு சின்ன பயமாகச் சுருங்கிவிடும். அப்புறம், முழு வேலையையும் நினைக்காமல், கை வைக்கக்கூடிய முதல் அசைவை மட்டும் யோசிக்கலாம். 'பதில்' பொத்தானை அழுத்தி 'வணக்கம்' என்று எழுதினால் போதும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் சோதனை இன்னொரு வழியைக் காட்டியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்குப் பதில் 'கணினியைத் திறந்ததும் முதலில் இந்தப் பதில்' என்று முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2010-இல் வந்த ஆய்வு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். செல்லம் கொடுத்தால் கெட்டுவிடுவோம் என்றுதானே நினைக்கிறோம்? ஆனால் நம்மை நாமே திட்டிக்கொள்ளும்போது அந்த வேலையோடு இன்னொரு கசப்பும் ஒட்டிக்கொள்கிறது. தப்பிக்க இன்னொரு காரணம் கிடைக்கிறது.

அகெர்லாஃபின் பெட்டி கடைசியில் போய்ச் சேராமல் இல்லை. அவர் திடீரென்று உறுதி பூண்டு ஒரு முழு நாளை ஒதுக்கவும் இல்லை. வேறொரு நண்பர் தன் பெட்டிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றோடு இதையும் அகெர்லாஃப் சேர்த்துவிட்டார்.