மேசையில் வைத்தே விடிஎக்ஸை எரிக்காதீர்கள்

மறுபடியும் ஒரு கருகிய விடிஎக்ஸ் (ட்ரோன் கேமராவின் படத்தை ரேடியோ அலையில் அனுப்பும் சின்ன போர்டு) பழுதுக்கு வந்திருக்கிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. கம்ப்யூட்டர் கேமை எஃப்பிவி காகிள்ஸில் (ட்ரோன் ஓட்டுபவர் அந்தப் படத்தைப் பார்க்கக் கண்ணில் மாட்டும் திரைக் கண்ணாடி) பார்க்க, விடிஎக்ஸ் வழியே அனுப்பப்போய், மேசையில் வைத்தே எரித்திருக்கிறார்கள்.

"ட்ரோன் பறக்கவே இல்லையே, எப்படிச் சூடாகும்?" என்று கேட்கிறார்கள். பறக்காததால்தான் சூடாகிறது! 600 மில்லிவாட்டை ஆன்டெனா வழியே அனுப்ப, பல விடிஎக்ஸ்கள் 4, 5 வாட் வரை இழுக்கும். மிச்சமெல்லாம் வெப்பம். பெரும்பாலானவற்றில் ஃபேன் கிடையாது. பறக்கும்போது மேலே படும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. ட்ரோன் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், கேமோ மணிக்கணக்கில் ஓடும். ஏசி அறைதானே என்றும் சொல்கிறார்கள். அறை குளிர்ந்திருந்தால் போதாது, அந்தச் சின்ன போர்டின் மேல் காற்று வீச வேண்டும்.

ஆன்டெனா மாட்டாமல் பவர் கொடுப்பது அதைவிட மோசம். வெளியேற வேண்டிய சக்தி ஆம்ப்ளிஃபயருக்கே திரும்பி வந்து அதைக் கொல்லும். காகிள்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் ஆன்டெனா இல்லாமலும் படம் தெரியும். அதை நம்பி அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் யோசியுங்கள்: விடிஎக்ஸ் எதற்கு? ஸ்கைசோன் 04எக்ஸ் போன்ற காகிள்ஸில் ஹெச்டிஎம்ஐ உள்ளீடே இருக்கிறது. ஒரு கேபிளில் வேலை முடிந்தது. இவி800டி மாதிரிப் பெட்டி காகிள்ஸில் ஏவி இன் (பழைய டிவி மாதிரி அனலாக் வீடியோ உள்ளீடு) மட்டும்தான். அதற்கு 5 வோல்ட் யுஎஸ்பி பவரில் ஓடும் ஹெச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர் பெட்டி வாங்குங்கள். ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று ஆர்சிஏ (மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள்) என்று விற்கும் வெறும் கேபிள் வேண்டாம். டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் அதில் இல்லை, படம் வராது. கன்வெர்ட்டர் போட்டும் வரவில்லையா? மஞ்சளுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை முனைகளை மாற்றிச் செருகிப் பாருங்கள், 3.5 மிமீ ஏவி கேபிள்களின் வயரிங் ஒரே மாதிரி இருப்பதில்லை. என்டிஎஸ்சி என்ற அனலாக் வீடியோ முறையில் 480 வரிகள்தான், சின்ன எழுத்து படிக்க வராது. கேமில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

வயர்லெஸ்தான் வேண்டுமென்றால்: முதலில் ஆன்டெனா, பிறகு டேபிள் ஃபேன், கடைசியில் பவர். 25 மில்லிவாட்டிலேயே வையுங்கள், ஓர் அறைக்கு அது தாராளம். கன்வெர்ட்டரின் மஞ்சள் ஆர்சிஏவில் நடுமுனை விடிஎக்ஸின் வீடியோ வயருக்கு, வெளிவளையம் கிரவுண்டுக்கு. 5 வோல்ட் போர்டில் 3எஸ் லிப்போவை (மூன்று செல் லித்தியம் பேட்டரி, 11 வோல்ட்டுக்கு மேல்) செருகிவிடாதீர்கள், போர்டில் அச்சிட்டதைப் படியுங்கள்.

எஃப்பிவி காகிள்ஸ் விஆர் ஹெட்செட் அல்ல. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. உட்கார்ந்தே ஆடுங்கள், தலை சுற்றினால் உடனே கழற்றுங்கள். காகிள்ஸை 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியில் ஓட்டினால், அது 7 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்துங்கள்.

தயவுசெய்து இன்னொன்று: ஆடி முடித்ததும் காகிள்ஸை உறைக்குள் வையுங்கள். ஜன்னல் வெயில் லென்ஸ் வழியே விழுந்தால் திரையில் பொசுங்கிய புள்ளி விழும். அதைச் சரிசெய்ய முடியாது, டிஸ்பிளேயையே மாற்ற வேண்டும்.