ஒளிவட்டம் அல்ல, உயிர்ப்பு

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினின் (1892–1940) ‘ஆரா’வை (aura, ஒரு மூலப்படைப்புக்கே உரிய தனித்த இருப்பு) தமிழில் ‘ஒளிவட்டம்’ என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிடும் போலிருக்கிறது. இனியும் இதைப் பேசாமல் விடக்கூடாது.

கிரேக்கத்தில் ஆரா என்றால் இளங்காற்று. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் வந்தது. அந்த வேரில் ஒளி கிடையாது.

பெஞ்சமினும் ஒளியைச் சொல்லவில்லை. புகைப்படம் பற்றிய 1931 கட்டுரையில் அவர் தரும் விளக்கம் இது: எவ்வளவு அருகில் இருந்தாலும் எட்டாத ஒரு தொலைவு, ஒரே ஒருமுறை தோன்றுவது. கோடை நண்பகலில் இளைப்பாறுகிற ஒருவர் தொடுவானத்து மலைத்தொடரையோ தன்மேல் நிழல் விழுத்தும் ஒரு கிளையையோ கண்ணால் தொடர்கிறார். அந்த மலைகளின், அந்தக் கிளையின் ஆராவைச் ‘சுவாசிப்பது’ என்கிறார் பெஞ்சமின். ஒளிவட்டத்தை எப்படிச் சுவாசிப்பது?

இதைவிடப் பெரிய கோளாறு, அவருடைய வாதமே தலைகீழாகிவிடுவது. பாரிசில் அகதியாக இருந்தபோது எழுதி 1936இல் வெளியான, இயந்திரம் நகலெடுக்கும் காலத்தில் கலைப்படைப்பு பற்றிய கட்டுரையில், மூலப்படைப்பு ஓரிடத்தில், ஒரு காலத்தில், தன் வரலாற்றோடு இருப்பதுதான் ஆராவுக்கு அடிப்படை. இயந்திரம் நகலெடுக்க எடுக்க அது வாடுகிறது. காலண்டர் முருகனை லட்சம் பிரதி அச்சடித்தாலும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் அப்படியே இருக்கும். நகலில் முதலில் அழிவது எதுவோ, அதற்கு நகலில் அழியாத ஒன்றின் பெயரை வைத்திருக்கிறோம்.

அப்புறம் பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர். கவிஞனின் தலையிலிருந்து ஒளிவட்டம் தெருச் சேற்றில் விழும் அவருடைய வசன கவிதையைப் பெஞ்சமின் எடுத்துப் பேசுகிறார். அங்கே வருவது ‘ஆரியோல்’. பொன் என்னும் வேரிலிருந்து பிறந்த வேறு சொல். ஒளிவட்டம் அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு, ஆசிரியர் அதை எங்கெங்கே ஆள்கிறார் என்று பார்க்காத மொழிபெயர்ப்பு இப்படித்தான் முடியும். கடைசியில் ‘பெஞ்சமின் புரியவில்லை’ என்று பழி அவர்மேல் விழுகிறது.

நான் சொல்வது ‘உயிர்ப்பு’. பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு இன்றும் நெடுமூச்சுதான். காற்றும் இருக்கிறது, ஒரு பொருள் தன் இடத்தில் உயிரோடு இருப்பதும் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், இடம் பார்த்துப் பொருள் கொள்ள நம் வாசகருக்குத் தெரியும். ‘உயிர்ப்புள்ள சிற்பம்’, ‘உயிர்ப்பிழந்த நகல்’ என்று சொல் தானாக வளைந்து கொடுக்கிறது. ‘ஒளிவட்டத்தன்மை வாய்ந்த’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.