“மெதுவாப் பேசுப்பா” என்று சொல்வதற்கு முன்

பேச்சுப் பயிற்சிக்காக வரும் பெரியவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்பது என் வழக்கம்: திக்கல் வரும்போது எதிரில் இருப்பவர் சொல்லும் எந்தச் சொல் உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது? கேலிப் பட்டப்பெயர்தான் முதலில் வரும் என்று தொழிலுக்கு வந்த புதிதில் எதிர்பார்த்தேன். பெரும்பாலோர் சொன்னதோ “மெதுவாப் பேசுப்பா”, “பதறாம சொல்லு”, “மூச்சை நல்லா இழுத்துவிட்டுப் பேசு” ஆகிய மூன்றையும்தான். இவற்றைச் சொல்பவர்கள் அம்மா, ஆசிரியர், மேலாளர், சில வீடுகளில் மனைவி என்று எல்லாருமே வேண்டியவர்கள். கேலி செய்தவனிடம் சண்டை போடலாம், அக்கறையாகச் சொல்பவரிடம் எப்படிப் போடுவது என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்.

திக்கிப் பேசுபவருக்குத் தான் சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாகவே இருக்கிறது. பேச்சுத் தசைகளை நேரம் பிசகாமல் இயக்கும் மூளையின் ஒழுங்கில் ஏற்படும் வேறுபாட்டால், சொல்லின் தொடக்கத்தில் ஒலி திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது அடைத்துக்கொண்டு வராமலே நிற்கிறது. பல குடும்பங்களில் இது பரம்பரையாகவும் தொடர்கிறது. அந்த நேரத்தில் “மெதுவா” என்று ஒரு குரல் கேட்டால், கவனம் சொல்ல வந்த செய்தியை விட்டுத் தன் வாயின் மேல் போய்விடுகிறது, அடைப்பு மேலும் இறுகுகிறது. ஒலியை நீட்டி மெதுவாகத் தொடங்கும் உத்திகளை நாங்களும் கற்றுத்தருகிறோம் என்பது உண்மைதான். ஆனால் அவை வாரக்கணக்கில் பழகி, தேவைப்படும் இடத்தில் அவரே எடுத்துப் பயன்படுத்த வேண்டியவை. மூச்சை இழுத்துவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் வம்பானது. சிறு வயது முதல் அதைக் கேட்டே வளர்ந்த ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்பு தோள் உயர மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளும் பழக்கத்தோடு என்னிடம் வந்தார். திக்கலோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் விடுவிக்க வேண்டியதாயிற்று.

சொல்லை முடித்துவைக்கும் உதவியும் இப்படிப்பட்டதுதான். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மளிகைக் கடைக்குப் போயிருக்கிறான். “அண்ணே, க… க… க…” என்று அவன் நிற்க, கடைக்காரர் “கடலையா தம்பி? கற்பூரமா?” என்று கேட்டிருக்கிறார். பின்னால் நான்கு பேர் காத்திருந்ததால் அவன் கற்பூரத்துக்குத் தலையாட்டிவிட்டான். வீட்டில் கேட்டது கடுகு. “ஒரு சாமானை ஒழுங்கா வாங்கிட்டு வரத் தெரியாதா?” என்று அம்மா கோபித்துக்கொண்டதை அந்த அம்மாவே என்னிடம் சொல்லி அழுதார். ‘ப’ வராததால், பால்பண்ணையில் இறங்க வேண்டியவர் அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்து நடந்தே திரும்பிய கதையும் எனக்குத் தெரியும். இப்படி ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டே பலர் காலம் தள்ளுகிறார்கள். மாற்ற முடியாத ஒரே சொல் சொந்தப் பெயர். அதனால்தான் நேர்முகத் தேர்விலும் தொலைபேசியிலும் பெயர் சொல்லும் இடத்தில் திக்கல் அதிகமாக வருகிறது, அங்கே போய் “பேரே மறந்துபோச்சா?” என்று சிரித்துக்கொண்டு கேட்பவர் எதைக் குத்துகிறோம் என்று அறிவதில்லை.

“பயப்படாம தைரியமாப் பேசு” என்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடும் வாக்கியம். பலமுறை திக்கி, பலமுறை முகம் சுளிக்கப்பட்ட பிறகே அச்சம் சேர்கிறது. வகுப்பே சேர்ந்து திருக்குறள் ஒப்பிக்கும்போதும், பாடும்போதும், வீட்டு நாயிடம் பேசும்போதும் பெரும்பாலும் திக்கல் வருவதில்லை. இதைக் கண்ட உறவினர்கள் “வேணும்னே பண்றான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் சந்தமும் தாளமும் பேச்சைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிறரிடம் தனி ஆளாகப் பேசும்போது அந்தத் துணை இல்லை.

“நாக்கில் வசம்பு தேய்த்தீர்களா?” என்று யாராவது கேட்காத பெற்றோர் அரிது. திக்கலுக்கு நாக்கு காரணம் இல்லை. நாக்கைக் குற்றவாளியாக்கும் எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று: 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர், திக்கலைப் போக்குவதாக நாக்கின் அடிப்பகுதியையே வெட்டிப் பார்த்தார். அந்த முறை விரைவிலேயே கைவிடப்பட்டது.

“வளர்ந்தா தானாச் சரியாயிடும்” என்பது பாதி உண்மை என்பதால் மிகவும் கவனிக்க வேண்டியது. 2 முதல் 5 வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பான்மையோருக்கு, ஏறத்தாழ 4-இல் 3 பேருக்கு, அது மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு அது நிலைத்திருக்கிறது. அவர்களில் ஆண்களே அதிகம். யாருக்கு மறையும், யாருக்கு நிலைக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது குழந்தை முகத்தைச் சுளித்துத் திணறினாலோ, பேசாமலே ஒதுங்கத் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம். பேச்சு, மொழிப் பயிற்சியாளரிடம் அழைத்து வாருங்கள்.

“அப்போ நாங்க என்னதான் மேடம் சொல்றது?” என்று அந்தச் சிறுவனின் அம்மா கேட்டார். திக்கலைப் பற்றி அந்த நேரத்தில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன். பெரும்பாலான அடைப்புகள் சில விநாடிகளில் விலகிவிடும். அதுவரை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள், சொல்லி முடித்ததும் அவன் சொன்ன செய்திக்குப் பதில் கொடுங்கள், உங்கள் பேச்சின் வேகத்தை நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவனுடைய வகுப்பு ஆசிரியரிடமும் பேசினோம். வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்பதன் முதல் ‘உ’ வருவதற்குள் வகுப்பு சிரித்துவிடுகிறது என்பது அவனுடைய பெரிய கவலையாக இருந்தது. இப்போது அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கியே வருகையைத் தெரிவிக்கிறார்கள்.