இழுக்கிற பலம் வேற, சட்டம் விடுற எடை வேற: பிக்கப் ட்ரக்கும் கனரக மெஷினும்

அமெரிக்கால பிக்கப் ட்ரக் விளம்பரம் பாத்தீங்கன்னா ஒரு நம்பரை மட்டும் பெருசா போடுவாங்க, 15,000 பவுண்டு இழுக்கும், 20,000 பவுண்டு இழுக்கும்னு. அதை நம்பி ஒருத்தர் ட்ரெய்லர்ல ஒரு ட்ராக் லோடரை (பெல்ட்டுல ஓடி பக்கெட்டால மண்ணு அள்ளுற மெஷின்) ஏத்திட்டு ஹைவேல போனா, எஞ்சின் எந்த முனகலும் இல்லாம இழுத்துடும், அதுல சந்தேகமே வேணாம். பிரச்சனை எஞ்சின்ல இல்ல. வண்டில அஞ்சாறு இடத்துல அஞ்சாறு எடை வரம்பு இருக்கு, அதுல எது முதல்ல தீருதோ அதுதான் உங்க வரம்பு, பெரும்பாலும் அது விளம்பரத்துல வர்ற நம்பரா இருக்காது.

டிரைவர் கதவைத் திறந்தா தூண் ஓரத்துல ரெண்டு ஸ்டிக்கர் இருக்கும். ஒண்ணுல ஜிவிடபிள்யூஆர், அதாவது ட்ரக்கும் அதுல ஏறுன ஆளு, சாமான் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம்னு கம்பெனி வச்ச உச்சவரம்பு, கூடவே முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) ரெண்டுக்கும் தனித்தனி வரம்பு. இன்னொண்ணுல ஆளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகவே கூடாதுன்னு இருக்கும், அதைத்தான் பேலோட்னு சொல்றது. ட்ரெய்லரோட மூக்கு, அதை ட்ரக்கோட கோக்குற ஹிட்ச் மேல அழுத்துற எடையும், அதாவது டங் வெயிட், இந்த பேலோட் கணக்குலதான் வந்து சேரும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ட்ரக்கோட ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டு, பேலோட் 2,700. ட்ரெய்லர் 3,600, பக்கெட்டோட சேர்த்து லோடர் 10,000, ஆக பின்னாடி வர்றது 13,600. 15,000 இழுக்கிற ட்ரக்குக்கு இது தாராளம்னு தோணும். ஆனா டங் வெயிட் மொத்த ட்ரெய்லர் எடைல 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும், 12 சதவீதம்னு வச்சா 1,632 பவுண்டு. ரெண்டு ஆளு 400, டூல் பாக்ஸ் 250, பின்னாடி மெஷினுக்கு டீசல் ஊத்த வச்ச டேங்க் நிரம்பி 450, ஹிட்ச் இரும்பு 50. கூட்டுங்க, 2,782. பேலோட் தாண்டியாச்சு, இழுவைத் திறன்ல இன்னும் 1,400 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே.

ஏன் இப்படின்னா இழுவை நம்பரைக் கண்டுபிடிக்கிற எஸ்ஏஇங்கிற வாகன இன்ஜினியர் சங்கத்தோட ஜே2807 டெஸ்ட்ல ட்ரக்குல 150 பவுண்டு ஆளுங்க ரெண்டு பேர்தான் கணக்கு, டூல் பாக்ஸும் கிடையாது டீசல் டேங்கும் கிடையாது. அரிசோனால டேவிஸ் டேம் ஏத்தம்னு 11.4 மைல் இருக்கு, சுடுற வெயில்ல ஏசியை முழுசா போட்டுட்டு அதுல ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழ போகாம ஏறணும்ங்கிறதெல்லாம் அந்த டெஸ்ட்ல உண்டு, நல்ல டெஸ்ட்தான், ஆனா வேலைக்குப் போற ட்ரக் எதுவும் அப்படி காலியா போறதில்ல.

டங் வெயிட் விழுற இடத்தையும் கவனிக்கணும். ஹிட்ச் பந்து பின் சக்கரத்துக்கும் பின்னாடி அஞ்சடி தள்ளி தொங்குது, அங்க அழுத்துனா ட்ரக்கே ஒரு சீசா பலகை மாதிரி ஆகி முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 160 அங்குலம் (வீல்பேஸ்) இருக்கிற ட்ரக்குல 1,632 பவுண்டு அழுத்துனா பின் ஆக்ஸில்ல ஏறுறது 2,244, முன் ஆக்ஸில்ல இருந்து 612 பவுண்டு காணாம போகுது. திருப்புற சக்கரமும் பெரும்பங்கு பிரேக்கும் முன்னாடிதான இருக்கு. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுன்னு ஸ்ப்ரிங் கம்பி வச்சு விக்கிறது இந்த எடைல ஒரு பகுதியை முன்னாடி தள்ளத்தான்.

அப்ப டங் வெயிட்டைக் குறைச்சுட்டா போச்சுன்னு லோடரைப் பின்னாடி நகர்த்துனா, ட்ரெய்லர் வேகத்துல வாலாட்ட ஆரம்பிச்சுடும், அது ட்ரக்கையும் சேத்து கவிழ்க்கக்கூடிய ஆட்டம். ட்ரெய்லர் மூக்குல ஹிட்ச் பந்தைப் பிடிக்கிற கப்ளர்ல இருந்து ட்ரெய்லர் ஆக்ஸில் நடுவுக்கு 16 அடின்னா, 10,000 பவுண்டு மெஷின் ஒரு அடி நகர்ந்தாலே டங் வெயிட் 625 பவுண்டு மாறும். 10 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் நடுவுல உங்களுக்குக் கிடைக்கிற மொத்த இடமே 13 அங்குலம். மேல சொன்ன கணக்குல 82 பவுண்டு அதிகம்ல, ரெண்டு அங்குலம் பின்னாடி தள்ளுனா தீர்ந்துடும். சரியான இடம் கிடைச்சதும் பலகைல பெயின்ட்ல கோடு போட்டு வச்சுக்கிறது உத்தமம்.

இனி சட்டம். இன்டர்ஸ்டேட்ங்கிற தேசிய ஹைவேல ஒத்தை ஆக்ஸிலுக்கு 20,000, மொத்தம் 80,000 பவுண்டுங்கிற ஃபெடரல் வரம்பு இருக்கு, பிக்கப் அதுகிட்டயே போகாது, விடுங்க. நமக்கு முக்கியம் ரெண்டு நம்பர். தொழிலுக்காக மாநிலம் தாண்டி ஓட்டும்போது ட்ரக், ட்ரெய்லர் ரெண்டும் சேர்ந்து 10,001 பவுண்டு தொட்டாலே அது கமர்ஷியல் வண்டி, யுஎஸ்டாட் நம்பரும் (ஃபெடரல் போக்குவரத்துத் துறை தர்ற பதிவு எண்) டிரைவருக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் வேணும். மொத்தம் 26,001 தொட்டு, ட்ரெய்லர் மட்டும் 10,000க்கு மேலன்னா கிளாஸ் ஏ சிடிஎல், அதாவது கனரக கமர்ஷியல் வண்டி லைசென்ஸ், எடுத்தாகணும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தக் கணக்கு தராசு எடைய மட்டும் பாக்கிறதில்ல, ஸ்டிக்கரையும் பாக்குது. 10,000 ஸ்டிக்கர் ட்ரக்கும் 14,000 ஸ்டிக்கர் ட்ரெய்லரும் சேர்ந்தா 24,000, சிடிஎல் வேணாம். பாதுகாப்பா இருக்கட்டும்னு அதே ட்ரெய்லருக்கு பின்னாடி நாலு சக்கரம் வச்ச 14,000 பவுண்டு டூவலி ட்ரக் வாங்குனா 28,000, தொழிலுக்கு ஓட்டுனா சிடிஎல் வேணும், ட்ரெய்லர் காலியா போனாலும்! பெரிய பிரேக்கும் பெரிய ஆக்ஸிலும் இருக்கிற வண்டிக்குத்தான் கெடுபிடி அதிகம், எனக்கு இது சரியா படல, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. 9,990 பவுண்டுன்னு வினோதமான ஸ்டிக்கரோட ட்ரெய்லர்கள் விக்கிறதும், வேணும்னே வரம்பைக் குறைச்ச ஸ்டிக்கரோட ட்ரக் ஆர்டர் பண்றதும் இந்தக் கோட்டைத் தாண்டாம இருக்கத்தான். ஸ்டிக்கர் குறைஞ்சா ஏத்துற எடையும் குறையணும்ங்கிறதை மறந்துடக் கூடாது.

டயரையும் சட்டம் விடல, கமர்ஷியல் வண்டில டயர் பக்கச்சுவர்ல எழுதுன எடைக்கு மேல ஏத்துறதே குத்தம். எஸ்டி235/80ஆர்16 ட்ரெய்லர் டயர், லோட் ரேஞ்ச் ஈ (எடை தாங்குற வகுப்பு), 80 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல 3,520 பவுண்டு தாங்கும், நாலு சேர்ந்து 14,080, அதாவது ட்ரெய்லரோட 14,000 ஸ்டிக்கருக்கு மேல வெறும் 80 பவுண்டுதான் மிச்சம். காத்து குறைஞ்சா டயர் நெளிஞ்சு சூடாகி வெடிக்கும். ட்ரெய்லர் பிரேக் எத்தனை பவுண்டுல இருந்து கட்டாயம்ங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நிறைய இடத்துல 3,000. ஃபெடரல் விதிப்படி ட்ரெய்லர் கழண்டு போனா பிரேக் தானா பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம் நிக்கணும், அதுக்குத்தான் மூக்குல அந்தக் குட்டி பேட்டரி. 10,000 பவுண்டு மெஷினை நாலு இடத்துலயாவது கட்டணும், பக்கெட்டை முழுசா இறக்கி அதையும் கட்டணும்.

உண்மையான எடை தெரிய ட்ரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் ஸ்கேல்ங்கிற எடை மேடை போதும், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ட்ரெய்லர்னு மூணு நம்பர் தனித்தனியா சீட்டுல வரும். ட்ரெய்லரைக் கழட்டி வச்சுட்டு ட்ரக்கை மட்டும் இன்னொரு தடவை ஏத்துங்க, ரெண்டு சீட்டுலயும் ட்ரக்கோட ரெண்டு ஆக்ஸில் எடைய கூட்டி கழிச்சா வர்றது டங் வெயிட், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பி மாட்டியிருந்தா முதல் தடவை எடை போடும்போது அதைக் கழட்டிடணும், இல்லன்னா கணக்கு தப்பா வரும்.